உன் ஜன்னலுக்கு மட்டும் தைத்த திரை

இன்று காலை மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்ததும், மகள் டிரங்குப் பெட்டியைத் தூக்கி வாசலில் வைத்துத் திறந்தாள். பாச்சை உருண்டை வாசம்தான் வரும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வந்தது தேயிலை வாசம். கேத்தலில் கொதிக்கிற தேயிலை அல்ல. சாயமாக இறங்கி, காய்ந்து, துணியோடு துணியாகிப்போன பழைய தேயிலை. பெட்டியின் அடியில் மடித்து வைத்திருந்த உன் திரையில் வெயில் பட்டுவிட்டது.

மகள் அதை விரித்து எங்கள் பதுளை வீட்டு ஜன்னலோடு வைத்துப் பார்த்தாள். திரை அகலம், ஜன்னல் ஒடுக்கம். ஓரத்தில் ஒரு சாண் வெட்டினால் சரியாக இருக்கும் என்று கத்திரிக்கோலோடு நிற்கிறாள். கொஞ்சம் பொறு என்று சொல்லிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். வெட்டலாமா என்று உன்னைத்தான் கேட்க வேண்டும். கேட்க நீ இல்லை. இதற்கு நான் என்ன செய்ய?

அந்த இரட்டை வீடு இப்போது யார் கையில் இருக்கிறதோ. ஹாலிஎலைக்கு மேலே, தேயிலை மலைக்கு நடுவில், ஒரே கூரைக்குக் கீழே இரண்டு குடும்பம். உன் வீட்டுக்காரர் ஆபீஸ் கிளாக்கர், என் வீட்டுக்காரர் தேயிலை பெக்டரியில் டீமேக்கர். கண்ணாடியில் தெரிகிற மாதிரி உன் வீட்டைத் திருப்பி வைத்தால் என் வீடு. உன் ஜன்னலுக்கு வலப்பக்கம் கதவு. என் ஜன்னலுக்கு இடப்பக்கம் கதவு, வலப்பக்க மூலையில் என் அலமாரி. நடுச்சுவரை நீ தட்டினால் நான் வருவேன், தட்டாவிட்டாலும் வருவேன். ஒரு நாளும் நீ என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கேலிக்கு "டீமேக்கரம்மா" என்று தொடங்கினாய், அதுவே என் பெயராகிவிட்டது.

தோட்டத்துப் பெரிய துரை சீமைக்குத் திரும்புகிறார் என்று பங்களாவில் நமக்கெல்லாம் தேத்தண்ணி கொடுத்தார்களே, அன்றைக்குத்தான் இந்தப் பைத்தியம் உனக்குப் பிடித்தது. துரைசாணி ஜன்னலோரம் போய் ஒற்றைக் கயிற்றை இழுத்தார். திரை விசிறி மடிப்பாக மடிந்து மடிந்து மேலே போனது. அதற்குப் பெயர் ரோமன் கர்ட்டன் என்றார். நீ கையில் வைத்திருந்த கேக்கைத் தின்ன மறந்து நின்றாய். இறங்கி வருகிற வழியெல்லாம் அதே பேச்சு. ரோமாபுரி ராசா வீட்டுத் திரை கிளாக்கர் வீட்டுக்கு எதற்கு என்று நான் கேட்டதற்கு, ராசாவுக்கு மட்டும்தான் வெயில் அடிக்குமா என்று திருப்பிக் கேட்டாய்.

ஆனால் அது அழகுக்கு வந்த ஆசை இல்லை என்பது எனக்கு இரண்டொரு நாளில் தெரிந்துவிட்டது. உன் மாமனார் உயிரோடு இருந்த காலத்தில், யாரோ பயமுறுத்தியதைக் கேட்டு, மொத்தக் குடும்பத்துக்கும் இந்தியப் பிரஜாவுரிமை கேட்டு எழுதிக் கொடுத்திருந்தார். எழுதிக் கொடுத்தவர் போய்ச் சேர்ந்துவிட்டார். மனு மட்டும் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது. எங்கள் வீட்டில் இலங்கைப் பிரஜாவுரிமைக்கு எழுதினார்கள், கிடைத்தது. ஒரே கூரைக்குள் ஒரு பாதி இந்த நாடு, மறு பாதி அந்த நாடு. வெலிமடைப் பக்கம் பிறந்து, கடலையே பார்க்காத நீ, இந்தியாவுக்குப் போக வேண்டியவள்.

உன் ஜன்னலை அளந்துகொண்டே நீ சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "சும்மா தொங்குற சீலைன்னா எந்த ஜன்னல்லயும் மாட்டிக்கலாம்டி. இது அப்படி இல்ல. அளவெடுத்துத் தைச்சா இந்த ஒரு ஜன்னலுக்குத்தான். இதை மாட்டிட்டா நாங்க எங்கயும் போக மாட்டோம், பாரு."

துணிக்கும் பாஸ்போர்ட்டுக்கும் என்னடி சம்பந்தம் என்று எரிந்து விழுந்தேன். எரிந்து விழுந்துகொண்டே அளவு நாடாவின் மறுமுனையைப் பிடித்தேன். வேறு என்ன செய்யத் தெரியும் எனக்கு?

துணிக்குத் தட்டுப்பாடான காலம். கூட்டுறவுக் கடை வரிசையில் நின்றால் கால்தான் வலிக்கும். அதனால் கோதுமை மாச்சாக்குகளைப் பிரித்து, சாம்பல் போட்டு வேகவைத்து, வெளுத்து எடுத்தோம். வெள்ளைத் திரை ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும் என்று நீ முகம் சுளித்தாய். பெக்டரியில் கூட்டித் தள்ளுகிற தேயிலைத் தூளை என் வீட்டுக்காரர் ஒரு பை கொண்டுவந்து போட்டார். அங்கேதான் இரண்டு கெட்டிக்காரிகளும் கோட்டை விட்டோம். அளவு பார்த்து வெட்டி, ஓரம் தைத்து முடித்த பிறகு அதைக் கொதிக்கிற தேயிலைத் தண்ணீரில் முக்கினோம். காயப்போட்டு எடுத்தால் நிறம் என்னவோ தேன் மாதிரி, நீளம்தான் சுருங்கிப்போயிருந்தது. ஊருக்கெல்லாம் தேயிலை அனுப்புகிற தோட்டத்தில் இருந்துகொண்டு, அதில் வேகவைத்தால் துணி சுருங்கும் என்று நமக்குத் தெரியவில்லை. சிரித்துச் சிரித்து உனக்குப் புரையேறியது. அப்புறம் இன்னொரு சாக்கில் ஒரு பட்டை கிழித்துச் சாயம் போட்டு, கீழே ஒட்டுப் போட்டாய். அந்த ஒட்டில் மட்டும் மாக்கம்பனி எழுத்து இன்னும் மங்கலாகத் தெரிகிறது.

திரையின் பின்பக்கம் குறுக்கே பட்டை பட்டையாகத் தைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு மூங்கில் சிம்பு செருக வேண்டும். சிம்பு, தொழிலாளர் லயத்தில் கொழுந்துக் கூடை பின்னுகிறவர் சீவித் தந்தார். பிறகு அந்தப் பட்டைகளில் வளையம் தைத்து, வளையத்துக்குள் மூன்று கயிறு விட்டு, மூன்றையும் மேலே மரச்சட்டம் வழியாக ஒரே பக்கம் கொண்டுவந்து ஒன்றாக முடிய வேண்டும். வளையத்துக்கு எங்கே போவது? பெக்டரிக் குழாய்க்குப் போடுகிற ரப்பர் வாஷரைத் தைத்தோம். ரப்பர் கயிற்றைக் கவ்விக்கொண்டது. இழுத்தால் ஒரு பக்கம் ஏறியது, மறுபக்கம் நொண்டியது. உன் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, திரைக்குப் பாரிசவாதம் என்று சொல்லிப் போனார்.

அந்த வாரம்தான் பதுளைக்குப் போனோம். பிரஜாவுரிமைக் காகிதங்களைப் பார்க்கிற ஆபீசில் போய்க் கேட்டால், உன் பெயரை மட்டுமாவது இந்தப் பக்கம் மாற்றித் தருவார்களா என்று உனக்கு ஒரு நப்பாசை. நான் துணைக்கு. அங்கே இருந்தவர் கெட்ட மனுஷன் இல்லை. உட்காரச் சொன்னார், பொறுமையாகக் கேட்டார். புருஷன் பெயர் எந்தப் பக்கமோ பெண்சாதி பெயரும் அந்தப் பக்கம்தான், பிரிக்க வழியில்லை என்று நமக்குப் புரிகிற மாதிரி இரண்டு தரம் சொன்னார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். உன்னைவிட வாயுள்ளவளை நான் பார்த்ததில்லை. அந்த மேசைக்கு முன்னால் நீ ஒரு வார்த்தை பேசவில்லை. நானாவது ஏதாவது சொல்லியிருக்கலாம். என்ன சொல்வது? நானும் முந்தானையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வெளியே வந்து மழைக்கு ஒதுங்கி நின்றபோது, நீ முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாய். "வந்ததுக்கு வளையமாவது வாங்கிட்டுப் போவோம்டி."

கடைவீதியில் முஸ்லிம் நானா ஒருவர் கடைக்குப் போனோம். பித்தளையில் சின்னச் சின்ன வளையமாக அவர் தேடித் தேடி எடுத்துக் கொடுத்தார். எதற்குத் தங்கச்சி என்று கேட்டார். புது வீட்டுக்குத் திரை என்று நீ பொய் சொன்னாய். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பித்தளை வளையம் போட்டதும் திரை சொன்ன பேச்சைக் கேட்டது. கதவுப் பக்கம், உன் வலக்கைக்கு எட்டும்படி கயிறு. இழுத்தால் மடிப்பு மடிப்பாக ஏறும். விட்டால் தேன் நிறமாக இறங்கி, ஜன்னலோடு மயிரிழை விடாமல் பொருந்தும். காலை வெயில் அதில் பட்டால் வீடெல்லாம் தேயிலை வாசம். லயத்திலிருந்து பெண்கள் வந்து இழுத்து இழுத்துப் பார்த்தார்கள். நீ இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்ற நிற்பைப் பார்த்து, எனக்கும் ஒரு நிமிஷம் உன் பைத்தியம் பிடித்தது. இப்படி அளவாக ஒரு திரையை மாட்டியவளை யார் கிளப்ப முடியும் என்று நானும் நம்பினேன்.

அந்த மழைக்காலம் முடிவதற்குள் உங்களுக்கு இந்தியாவுக்குக் கிளம்ப உத்தரவு வந்துவிட்டது. இத்தனை வருஷம் கிணற்றில் கிடந்த கல், இந்தத் திரையை மாட்டட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்ததா? எனக்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. செத்துப்போன உன் மாமனார் மேல் கோபம் வந்தது. எங்களுக்கு இந்த நாடு கிடைத்ததே, அதன் மேலும் கோபம் வந்தது. உன் வீட்டுக்காரர் பாவம், கணக்குப் புத்தகங்களை ஒப்படைத்துவிட்டு வந்து பெட்டி கட்டினார்.

கிளம்புவதற்கு முதல் நாள் நீ சுவரைத் தட்டவில்லை. திரையைக் கழற்றிச் சட்டத்தோடு தோளில் சாய்த்துக்கொண்டு நேரே என் வீட்டுக்குள் வந்தாய். முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, நீயே என் ஜன்னலில் ஆணி அடித்தாய். இரட்டைப் பிள்ளைக்கு ஒரே சட்டை மாதிரி அது பொருந்திவிட்டது.

"அங்க கொண்டுபோயி எதுல மாட்டுறது? இந்த உலகத்துல இது பொருந்துற இன்னொரு ஜன்னல் உன்னோடதுதான். நான் வர்ற வரைக்கும் வச்சிரு."

வருவாயா என்று நான் கேட்கவில்லை. இறங்கி நின்று பார்த்தபோதுதான் தெரிந்தது, கயிறு வலப்பக்கம் தொங்குகிறது. என் வீட்டில் அந்தப் பக்கம் கதவு இல்லை, அலமாரி நிற்கிறது. அலமாரிக்கு மேல் எக்கி, கையை நீட்டித்தான் கயிற்றைப் பிடிக்க வேண்டும். மாற்றிக் கோர்க்க உனக்கு நேரமில்லை. மறுநாள் பதுளை ஸ்டேசனில் கோச்சி ஏறினாய். அழுகிற கூட்டத்தில் உன் கையைப் பிடித்தேன், கோச்சி நகர்ந்ததும் விட்டேன். பிடித்து நிறுத்துகிற கையா இது?

என் வீட்டுக்காரர் பல தடவை சொன்னார், கயிற்றை உருவி மறுபக்கம் கோர்த்துத் தருகிறேன் என்று. அலமாரியையாவது நகர்த்தலாம் என்றார். இரண்டுக்கும் நான் விடவில்லை. அது உன் திரை. நீ வந்து கேட்டால் இருந்தபடியே கழற்றிக் கொடுக்க வேண்டும். தினமும் காலையில் எக்கி இழுத்தேன், பொழுது சாய்ந்ததும் எக்கி இறக்கினேன்.

திருச்சிப் பக்கமிருந்து நீ எழுதுகிற காகிதத்தில் எங்கள் சுகத்தை விசாரிக்கும் முன்னே திரையைத்தான் விசாரிப்பாய். இங்கே ஜன்னல் என்று ஒன்று இருக்கிறது, அதில் தலையை விட்டால் தோள் நுழையாது என்று ஒரு தடவை எழுதியிருந்தாய். வாசித்துவிட்டுச் சிரித்தேன், அப்புறம் அழுதேன். பிறகு கொஞ்ச நாள் ஒன்றும் வரவில்லை. கடைசியாக வந்த கார்டில் உன் வீட்டுக்காரரின் எழுத்து. காய்ச்சலில் படுத்தாய், எழுந்திருக்கவில்லை என்று எழுதியிருந்தார். காரியமும் முடிந்துவிட்டது. அடுத்த வீட்டில் சாவு விழுந்தால் ஓடுகிற நாம், கடலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ஒரு கார்டைத் திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டியதாயிற்று. அன்றைக்கும் சாயங்காலம் திரையை இறக்கினேன்.

வேலை முடிந்தால் வீடும் முடிந்தது என்பதுதான் தோட்டத்து வழக்கம். என் வீட்டுக்காரர் ஓய்வு பெற்றதும் எங்களுக்கும் அந்த ஜன்னல் போய்விட்டது. அலமாரியை விற்றோம். திரையைச் சட்டத்தோடு மடித்துப் பெட்டியில் வைத்தேன்.

எழுதுவதை நிறுத்திவிட்டு இப்போது எழுந்து போய் வந்தேன். வெட்டாதே என்று மகளிடம் சொல்லிவிட்டேன். ஜன்னலுக்கு மேலே சுவரில் சட்டத்தை அடித்து மாட்டியாயிற்று. இரண்டு பக்கமும் சுவரையும் சேர்த்து மூடுகிறது. பார்க்க அழகில்லைதான். மகள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள், பிறகு கேட்டாள். "கயித்தையாவது கதவுப் பக்கம் மாத்திக் கோர்த்துத் தரவாம்மா? லேசான வேலைதான்."

நீ வந்தால் கொடுக்க வேண்டும் என்றுதான் இத்தனை நாள் மாற்றாமல் வைத்திருந்தேன். இனி நீ வரமாட்டாய், அது எனக்குத் தெரியும். மாற்று என்று சொல்ல வாய் வரவில்லை.

கயிற்றை நானே இழுத்துப் பார்த்தேன். திரை நேராகத்தான் ஏறுகிறது. இந்த வீட்டில் ஜன்னல் பக்கம் அலமாரி கிடையாது, கிட்டப் போய் நின்றே இழுக்கலாம். நான் தூரத்தில் நின்றபடி, குதிகாலை உயர்த்தி, இல்லாத அலமாரிக்கு மேலே எக்கித்தான் கையை நீட்டினேன்.