மூப்பரின் கண்ணீர்

ஞாயிறு, ஆக. 4, 1996. பேர்லேண்ட், டெக்சஸ்

விடியும்போதே வெக்கை. ஏசிக்காரன் இன்றும் வரவில்லை. மடக்கு நாற்காலி துடைத்தாயிற்று. சாம்பார், உருளைக்கிழங்குப் பொரியல், கேசரி. காபி கேட்ட புதுப் பையனுக்கு வழக்கமான விளக்கம்: தம்பி, அட்வென்டிஸ்ட் வீடு, காபி கிடையாது, எலுமிச்சை ஜூஸ்தான்.

மதியம் ஹாலில் கமிட்டி. ஆறு வருஷமாக இந்த ஹாலில் கூடும் எங்கள் தமிழ் ஐக்கியம் இனி முறைப்படி ஒரு சபை. கட்டடம் கிடையாது, என் வீடுதான். மகள் பிரிசியின் வயலின் ஸ்டாண்டுதான் பிரசங்க மேடை. ஆறு வருஷமாக அதன் பின்னால் நின்று பேசியது நான். வேதபாடங்களைத் தமிழில் எழுதி, நகலெடுத்து, நியூஜெர்சிக்கும் பே ஏரியாவுக்கும் தபாலில் அனுப்புவதும் நான். சபையை நடத்தும் முதல் மூப்பர் யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முட்டாள்.

ஒருவர் பேரைப் பேசும்போது அந்த ஆள் வெளியே போக வேண்டும். வழக்கம் அப்படி. கமிட்டித் தலைவர் தேவதாஸ் அண்ணன் (இனிமேல் தே.அ., முழுப் பேர் எழுத மனசில்லை) சொன்னார்: "தங்கச்சி, கொஞ்சம் வெளிய இருங்க. டிஸ்கஸ் பண்ணிட்டுக் கூப்பிடுதோம்."

என் வீட்டிலிருந்து என்னை வெளியே. கராஜில் போய் உட்கார்ந்தேன், துணி துவைக்கும் மெஷின் பக்கத்தில். கதவு ஒன்றும் அத்தனை கனமில்லை. எல்லாம் கேட்டது.

"இங்கிலீஷ் சபைல லேடி எல்டர் இருக்காங்கதான். அது அவங்க கல்ச்சர். நம்ம ஜனங்களுக்கு செட் ஆகாது."

ஒரு பெண் குரல்: "ஊர்ல கேள்விப்பட்டா சிரிக்க மாட்டாங்களா?" யாரென்று தெரியும். அவள் பிள்ளைக்கு ஜுரம் என்றால் முதல் போன் எனக்குத்தான் வரும்.

கூப்பிட்டார்கள். மூப்பர்: என் வீட்டுக்காரர். பிரசங்கத்தில் தூங்குகிறவர். அந்நேரம் ஐஸ் வாங்கப் போயிருந்தார். ஐஸோடு திரும்பி வந்து மூப்பரானார்.

தே.அ. ஒரே சிரிப்பு. "ஒண்ணும் மாறல தங்கச்சி. நீங்க எழுதிக் குடுங்க, அவர் வாசிச்சிருவார். ஒரே குடும்பம்தான?" கை தட்டல். நான் கேசரி பரிமாறினேன். எல்லாவற்றையும் விட அதுதான் ஆத்திரம். எதற்குப் பரிமாறினேன்?

செவ்வாய், ஆக. 6

இடி மட்டும். மழை இல்லை. பால், கொத்தமல்லி, பிரிசிக்கு ஸ்கூல் ஷூ.

இவரிடம் கேட்டேன். "வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே?"

"எல்லாரும் கை தட்டிட்டாங்களே லில்லி. எப்படி நோ சொல்றது?"

பிரிசி மாடிப்படியில் நின்றுகொண்டு, "தட்ஸ் ஸோ அன்ஃபேர், அம்மா." பதினாலு வயசுக்குத் தெரிகிறது. இவர் டிவி சத்தத்தைக் கூட்டினார்.

வியாழன், ஆக. 8

சனிக்கிழமை இவர் வாசிக்க வேண்டிய பிரசங்கத்தை எழுதி முடித்தேன். தலைப்பு: ஆறுதல். வழக்கமாக யாரோ ஒரு சகோதரியின் அனுபவம் என்று எழுதுவேன். இந்தத் தடவை என்னுடையதே. நியூஜெர்சியில், மான்மவுத் ஜங்ஷனில் குடியிருந்தபோது, பிரிசிக்கு அடுத்தது, ஆண் பிள்ளை, எட்டாம் மாசம் வயிற்றில் அசைவு நின்றது. இந்த ஊரில் யாருக்கும் தெரியாது. பிரிசிக்கும் சொன்னதில்லை. இவர் அதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை, அழுததும் இல்லை.

இவர் முன்கூட்டி வாசித்துப் பார்க்கிற ஆள் இல்லை. "என் வயிற்றில்" என்று ஒரு ஆம்பிளை வாயிலிருந்து வரட்டும். ஒருவராவது நிமிர்ந்து, இதை எழுதியது யார் என்று பார்க்கட்டும். கெட்ட எண்ணம்தான். ஜெபம் பண்ணினேன். எண்ணம் போகவில்லை.

வெள்ளி, ஆக. 9

எட்டு மணிக்கும் சூரியன் போவேனா என்கிறது. மறைந்தால் ஓய்வுநாள், அப்புறம் சமையல் கிடையாது. அதற்குள் புளியோதரை, சுண்டல், நாற்காலி, பாத்ரூம். ஏசி வந்துவிட்டது, ஸ்தோத்திரம்.

தாள்களைக் கொடுத்தேன். எண்ணிப் பார்த்து, "லெங்த் ஓகே" என்றார்.

சனி, ஆக. 10. இருட்டிய பிறகு

நல்ல கூட்டம். இவர் நீலச் சட்டை. முதல் பக்கம் கடகடவென்று வாசித்தார், ரயில் அறிவிப்பு மாதிரி. இரண்டாம் பக்கம். "எட்டாம் மாசம் என்..." நின்றுவிட்டார். தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். அழுதார். தேம்பித் தேம்பி.

நான் எழுந்திருக்கவில்லை. யாராவது கேட்பார்கள் என்று உட்கார்ந்திருந்தேன். தே.அ. எழுந்து பாட்டை ஆரம்பித்தார். எல்லாரும் பாடினார்கள். கூட்டம் முடிந்தது.

சாப்பாட்டு வரிசையில்:

"மூப்பரய்யா, தகப்பன் மனசு என்னன்னு இன்னிக்குத்தான் பார்த்தோம்."

"என்ன அபிஷேகம்! எழுதி வெச்சா இப்படி வருமா?"

கராஜில் என் காதில் விழுந்த அதே பெண், என் கையைப் பிடித்துக்கொண்டு: "குடுத்து வெச்சவங்கக்கா நீங்க. இப்படி ஃபீல் பண்ற புருஷன் யாருக்குக் கிடைக்கும்?"

சிரித்தேன். சுண்டல் போட்டேன். பத்து வருஷமாகப் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதவள் நான். அதுவும் அவர் கணக்கில் போயிற்று.

பாத்திரம் ஒதுக்கும்போது பிரிசி, "அம்மா, டிட் ஐ ஹேவ் எ பிரதர்?"

"ஆமாம்மா."

பிரிசி என் கையிலிருந்து கரண்டிகளை வாங்கித் துடைத்தாள்.

ஞாயிறு, ஆக. 11

வெயில். பதினோரு மணிக்கு தே.அ. போன். அடுத்த மாசம் டல்லாஸில் தமிழ்க் கூடுகையாம், பெரிய ஹாலாம். மூப்பரய்யா அந்தச் சாட்சியை அங்கேயும் சொல்ல வேண்டுமாம். இவர் ஒப்புக்கொண்டாயிற்று.

கராஜில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். வந்து நின்றார்.

"லில்லி, அதைக் கொஞ்சம் எழுதித் தாயேன். ஒரு தகப்பன் சொல்ற மாதிரி. எழுத்து பெருசா இருக்கட்டும், கண்ணு கலங்கினா தெரிய மாட்டேங்குது."

"தரேன். பிள்ளை பேரு என்னன்னு போடட்டும்?"

"பேரா?"

ஆஸ்பத்திரியில் நர்ஸ் பேர் கேட்டபோது இவர் காரை மாற்றி நிறுத்தப் போயிருந்தார். நான்தான் சொன்னேன். அவள் எழுதிக்கொண்டாள்.

"பேரெல்லாம் வெச்சமா என்ன?"

"வெச்சிருக்கு."

அவருடைய நீலச் சட்டை கையில். என்ன பேர் என்று இப்போது கேட்பார் என்று மெதுவாக மடித்தேன். கை இரண்டும் மடித்து, காலரை நீவி, பித்தான் போட்டு முடித்தேன்.

"டல்லாஸுக்கு இதையே போட்டுக்கறேன்" என்று சட்டையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.