பாருக்கு மருந்து

1957 அக்டோபர் 14, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஒரே இருமல் கூட்டம். மருந்து கலக்கிக் கலக்கிக் கை ஓய்ந்தது.

மத்தியானம் புத்தளத்துப் பக்கமிருந்து மாப்பிள்ளை முருகேசு வந்து இறங்கினார். முன்பு இந்தப் பூண்டுலோயாவுக்குக் கருவாடு விற்க வந்து, அப்படியே என் தங்கை செல்லத்தையும் கட்டிக்கொண்டு போன மனிதர். இப்போதும் ஒரு சாக்குக் கருவாடு. மனைவிக்குச் சந்தோஷம், எனக்குத் தும்மல்.

சாப்பிட்டபின் தனியாகக் கூப்பிட்டுக் காதோடு சொன்னார்: “மச்சான், பாருக்கு மருந்து வேணும். வேற யாருக்கும் தெரிய வேணாம்.”

பாரு அவருடைய மகள், பார்வதி. பிள்ளைக்கு என்னவோ ஏதோ என்று பதறிவிட்டேன். வயிற்றுப் பூச்சியாகத்தான் இருக்கும். ஒரு போத்தல் பூச்சி மருந்து. வெறும் வயிற்றில் ஒரு கரண்டி என்றேன். மனிதர் போத்தலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

15, செவ்வாய்

சிரிப்பதா அழுவதா. பார் என்றால் அவர்கள் ஊரில் கடலுக்கடியில் இருக்கும் பாறைத்திட்டாம். மீன் அடையும் இடம், குஞ்சு வளரும் இடம். கேட்டது அதில் போடும் வெடிமருந்து. தோட்டத்தில் புது ரோட்டுக்குப் பாறை உடைக்கிறார்களே, சாமான் அறைக் கிளாக்கர் உங்கள் சிநேகிதர்தானே, கொஞ்சம் வாங்கித் தாங்க என்கிறார். பக்கத்தூரில் அப்படித்தான் அள்ளுகிறார்களாம். ஒரு வெடி, மீன் வெள்ளையாய் மிதக்கும். ஆமையும் மிதக்குமாம். அதைச் சொல்லும்போது குரல் இறங்கியது. வள்ளத்துக்காரர்கள் கூடிப் பேசி இவரை அனுப்பியிருக்கிறார்கள்.

முடியாது என்றேன். வெடியில் விரல் போனவனுக்குக் கட்டுப் போட்டவன் நான். “கை போனா செல்லத்துக்கு யாருங்க மாப்பிள்ளை?”

சாப்பிடாமல் படுத்துவிட்டார். எனக்கும் சோறு இறங்கவில்லை.

16, புதன்

மழை விட்டது. எழுந்து பார்த்தால் ஆளைக் காணோம். சாமான் அறைப் பக்கம் போனதாகப் பால்காரர் சொன்னார். ஆஸ்பத்திரியை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

அங்கே இல்லை. மேல் லயத்துப் பீலியடியில் நிற்கிறார். தொழிலாளர் லயத்துக்கே மலைத்தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்த குழாய். மேலே பாறைக்கு வெடி வைத்த அன்றோடு வற்றிவிட்டது. ஊற்று எந்தப் பக்கம் திரும்பியதோ. பெண்கள் வெறும் குடத்தோடு ஆற்றுக்கு இறங்கிக்கொண்டிருந்தார்கள். துரையிலிருந்து கங்காணிவரை ஒருவர் பாக்கியில்லாமல் வசவு. இவர் காய்ந்த பீலியைத் தொட்டுப் பார்த்தபடி.

“இவ்வளவு மழை பேஞ்சும் தண்ணி திரும்பி வரல்லையா மச்சான்?”

வரவே இல்லை என்றேன். பீலியிலிருந்து கையை எடுத்தார்.

“பாரு ஒடஞ்சா மீனும் இப்படித்தான் போயிரும். வேணாம் மச்சான்.”

கேட்காமலே மடியை உதறிக் காட்டினார். ஒன்றும் இல்லை. அப்பாடா. அங்கேயே கல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

17, வியாழன்

நல்ல வெயில். மாப்பிள்ளையை பஸ் ஏற்றினேன். பக்கத்தூர்க்காரர்கள் வெடியோடு உங்கள் பாருக்கு வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். வள்ளத்தை அதன் மேலேயே நிறுத்திவிடுவாராம். ஆள் இருக்கிற இடத்தில் வெடி போட அவர்களுக்குத் துணிச்சல் கிடையாதாம். ஆனால் வெறுங்கையோடு போனால் சொந்த ஊர்க்காரர்கள் உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்கள் என்று முகம் வாடியிருந்தது.

“எம்மேல பழியைப் போடுங்க. கல்நெஞ்சன், தரமாட்டேனுட்டான்னு சொல்லுங்க.”

வந்ததற்கு இப்போதுதான் சிரித்தார்.

நாளைக்கு அந்த ஊரே என்னைத் திட்டும். நன்றாகத் திட்டட்டும். இன்று மூன்று தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.