வட்டம் போட்ட சிவப்புப் புள்ளி

ஒரகடம், அம்பத்தூர்
7-3-1999

அன்பு மகள் வனஜாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளை உத்தமனும் அதே போல இருக்க மாங்காட்டு அம்மனைக் கும்பிட்டுக்கொண்டு ஆரம்பிக்கிறேன். அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை, மாத்திரையை விடக் காலையில் நடப்பதுதான் கேட்கிறது. பரந்தாமன் சித்தப்பா பெண்ணுக்குப் பூந்தமல்லியில் மாப்பிள்ளை முடிவாகிவிட்டது, வைகாசியில் கல்யாணம். அங்கே வெயில் ஏற ஆரம்பித்திருக்கும், மதியத்தில் வெளியே போகாதே, தண்ணீர் நிறையக் குடி. இப்படியே எழுதிக்கொண்டு போனால் சௌகரியமாகத்தான் இருக்கும், ஆனால் நான் இந்தக் கடிதத்தை மூன்று தடவை ஆரம்பித்துக் கிழித்துப் போட்டவன், இந்தத் தடவை விஷயத்தை எழுதிவிடுகிறேன்.

டிசம்பர் மாதம் உனக்கு எழுதினேனே, பக்கத்து வீட்டு சுலைமான் நம் மனையில் அரை அடி உள்ளே வந்து சுவர் வைத்துவிட்டான், நான் அளந்து கண்டுபிடித்து இடிக்க வைத்தேன் என்று. அது பொய் அம்மா. தெரிந்து சொன்ன பொய் இல்லை, ஆனாலும் பொய். தப்பு அவன் சுவரில் இல்லை, என் கையில் இருந்தது.

தீபாவளிக்கு மாப்பிள்ளை பேனா மாதிரி ஒரு லேசர் லைட் கொடுத்தனுப்பினார் இல்லையா, அதை வைத்து ஆரம்பத்தில் சும்மா சுவரில் புள்ளி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் மிளகு போல இருக்கிற புள்ளி அறுபது அடி தள்ளிப் போனால் எட்டணா காசு அளவுக்குப் பரவுகிறது. அதைக் கூராக்க வேண்டும் என்று எனக்குப் பிடித்துக்கொண்டது. நீ சின்ன வயதில் பொருட்காட்சியில் அடம்பிடித்து வாங்கிய பிளாஸ்டிக் பைனாகுலர் பரணில் கிடந்தது, அதை உடைத்துக் கண் பக்கத்துச் சின்ன லென்ஸையும் முன்பக்கத்துப் பெரிய லென்ஸையும் எடுத்தேன். கரண்டு ஒயர் போடுகிற குழாயில் இரண்டு பருமனில் துண்டு வெட்டி, ஒன்றுக்குள் ஒன்று நகர்கிற மாதிரி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஒன்றில் சின்னது, ஒன்றில் பெரியது, பசை வைத்து ஒட்டி, லைட்டின் மூக்கில் மாட்டினேன். முன்னும் பின்னும் நகர்த்த நகர்த்த அறுபது அடியில் புள்ளி சுருங்கி ஊசி குத்தின மாதிரி நின்றது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், எதிர்வீட்டு கஜபதியைக் கூப்பிட்டுக் காட்டினேன். இருபத்தெட்டு வருஷம் ஃபேக்டரியில் லேத்தில் நின்ற கை சும்மா இருக்குமா என்று நானே சொல்லிக்கொண்டேன்.

நமக்கும் சுலைமானுக்கும் நடுவில் பின்பக்கத்து எல்லைக்கல் கால்வாய் வெட்டும்போது காணாமல் போனது உனக்கு ஞாபகம் இருக்கும். ஸ்கூட்டர் நிறுத்த ஒரு சின்ன ஷெட் போடலாம் என்று பார்த்தால் இடம் கொஞ்சம் போதவில்லை. அவன் சுவர்தான் இந்தப் பக்கம் வந்திருக்கும் என்று மனசு சொல்ல ஆரம்பித்தது. இடம் தேவைப்பட்டதால்தான் அப்படித் தோன்றியது, இப்போது புரிகிறது. ஒரு ஞாயிறு, பொழுது சாய்கிற நேரம், முன்பக்கத்து எல்லைக்கல்லில் செங்கோணம் பார்க்கிற மூலைமட்டம் வைத்து அதன் ஓரத்தில் குழாய் மாட்டின லைட்டைச் சாத்திப் பிடித்தேன். புள்ளி பின்னாடி அவன் சுவரின் ஓரத்தைத் தாண்டி அவன் மனைக்குள் அரை அடி தள்ளி விழுந்தது, அப்படியானால் சுவர் அரை அடி நம் பக்கம் வந்திருக்கிறது என்று முடிவுகட்டினேன். கொத்தனார் துலுக்காணம் அன்றைக்கு அங்கே வேலையாக இருந்தார். சுலைமான் வந்து பார்த்துவிட்டு, எதுக்கும் ஒரு தபா நூல் புடிச்சுப் பாத்துடலாமே எத்திராஜு, கொத்தனாரும் கீறாரு என்று மெதுவாகத்தான் கேட்டான். நூலு காத்துல ஆடும், வெளிச்சம் ஆடாதுடா என்றேன். அதோடு விட்டேனா, கூட நின்று கூட வேலை செய்தவன் மண்ணைத் திருடுகிறான் என்று தெருவே கேட்கக் கத்தினேன். திருடன் என்ற வார்த்தையைச் சொன்னேன் வனஜா. பக்கத்துப் பக்கத்து லேத்தில் நின்று, ஒன்றாக மனை வாங்கி, ஒட்டி ஒட்டி வீடு கட்டினவனை. அவன் மூஞ்சி கறுத்துப் போய்விட்டது. மறுநாளே துலுக்காணத்தை வைத்து அவனே சுவரை இடித்தான். சுவரோரம் அவன் மனைவி ஜமீலா வைத்திருந்த மருதாணிச் செடியும் அதோடு போனது. நான் ஷெட் போட்டுக்கொண்டேன்.

போன மாதம் உன் பெரியப்பா வந்திருந்தார். அவருக்குப் பெருமையாக அந்த லைட்டைக் காட்டிக்கொண்டிருந்தேன். லைட்டை மேசையில் வைத்து, புள்ளியைக் கூராக்க முன்குழாயை விரலால் திருகினேன். எதிர்ச் சுவரில் புள்ளி இருந்த இடத்தில் நிற்காமல் சுற்றி வந்து ஒரு வட்டம் போட்டது. பெரியப்பா சிரித்தார். நான் மறுபடி திருகிப் பார்த்தேன், மறுபடியும் வட்டம். லேத்தில் நின்றவனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம், சுற்றுகிறபோது வட்டம் போட்டால் சென்டர் அவுட், மையம் விலகியிருக்கிறது என்று அர்த்தம். பசை காயும்போது லென்ஸ் ஒரு பக்கம் நகர்ந்து உட்கார்ந்திருக்கிறது, நூலளவு. அந்த நூலளவு அறுபது அடியில் அரை அடி. புள்ளி கூராக இருந்தால் நேராகவும் இருக்கும் என்று நினைத்துவிட்டேன், ஒரு தடவை திருப்பிப் பார்க்கவில்லை. லேத்தில் கடைய ஒரு புது ஜாப் மாட்டினால் முதலில் கையால் சுற்றிப் பார் என்று எத்தனை அப்ரென்டிஸ்களுக்குச் சொல்லியிருப்பேன்.

பெரியப்பா போனதும் குழாயைக் கழற்றிவிட்டு வெறும் லைட்டை அதே மூலைமட்டத்தில் வைத்துப் பார்த்தேன். மங்கலாக, அகலமாக, அவன் இடித்த சுவரின் அஸ்திவாரத்து மேலேயே விழுந்தது. அப்படியும் உடனே போகவில்லை. பதினோரு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஷெட்டுக்குள் போகவே கூசியது, ஸ்கூட்டரை வெயிலில் நிறுத்தினேன். அம்மாதான் கடைசியில் என் வாயிலிருந்து விஷயத்தைக் கேட்டு வாங்கினாள். கேட்டுவிட்டு, நீ போய் சொல்றியா, நான் போய் சொல்லட்டுமா என்றாள்.

போனேன். அவன் வீட்டு மேசை மேல் குழாய் மாட்டின லைட்டை வைத்து, சுவரில் வட்டம் போட்டுக் காட்டி, தப்பு என்னோடது சுலைமான் என்றேன். அவன் குழாயைத் தானே ஒரு தடவை திருகிப் பார்த்தான். பிறகு, சுவர் போனது போவட்டும், நான் தினம் கடைக்குப் போறப்ப கஜபதி என் மூஞ்சப் பாக்காம திரும்பிக்கினாரே, அத எப்படி எத்திராஜு திருப்பித் தருவ என்று கேட்டான். அப்போதுதான் ஜமீலா உள்ளே போய் ஒரு கவரை எடுத்துவந்து என் கையில் கொடுத்தாள். உன் கையெழுத்து. என் பேச்சை நம்பி ஜனவரியில் நீ அவளுக்கு எழுதியது. உங்கள் வீட்டு வாசப்படி இனி மிதிக்க மாட்டேன், உங்களை அத்தை என்று கூப்பிட்டதற்கு வெட்கப்படுகிறேன் என்று எழுதியிருந்தாய். உனக்கு டைபாய்டு வந்தபோது பதினாறு நாள் நம் வீட்டிலேயே கிடந்து கஞ்சி ஊற்றினவள். படித்து முடிக்க முடியவில்லை. அவள் அழவும் இல்லை, கோபிக்கவும் இல்லை, இத அந்தப் பொண்ணா எழுதியிருக்காது அண்ணே என்று மட்டும் சொன்னாள்.

போன ஞாயிறு ஷெட்டைப் பிரித்தேன். துலுக்காணம், கஜபதி, கடைக்கார பஞ்சவர்ணம் எல்லோரையும் கூப்பிட்டு, கத்தின அதே இடத்தில் நின்று, நான் அளந்தது தப்பு, சுலைமான் ஒரு அங்குலம்கூட எடுக்கவில்லை, திருடன் என்று சொன்னது என் வாய்க்கொழுப்பு என்று சொன்னேன். பின்னால் நின்றவர்களுக்குக் கேட்கவில்லை என்று சுலைமான் சொன்னான், இன்னொரு தடவை உரக்கச் சொன்னேன். அஸ்திவாரத்தை இந்தத் தடவை இன்னும் ஆழமாகத் தோண்டினபோது காணாமல் போன அந்தப் பழைய எல்லைக்கல் ஒன்றரை அடி ஆழத்தில் கிடைத்தது, சரியாக அவன் கோட்டில். நானும் கொத்தனாரும் சேர்ந்து சுவர் வைக்கிறோம், இடுப்பளவு வந்துவிட்டது. சுலைமான் பார்த்துக்கொண்டு நிற்கிறான், தண்ணீர் கேட்டால் கொடுக்கிறான், வேறு பேச்சு இல்லை. அதைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

மாப்பிள்ளையிடம் இதை மறைக்காதே. லைட்டை யார் கண்ணிலும் அடித்து விளையாடக் கூடாது என்றும் சொல். அம்மன் துணை இருந்து உங்கள் இருவரையும் நல்லபடியாக வைக்கட்டும், சீக்கிரம் மடியில் ஒரு குழந்தையோடு ஊர் வந்து சேருங்கள். எனக்குப் பதில் மெதுவாகப் போடு, முதலில் ஜமீலா அத்தைக்குப் போடு. அப்பா சொன்னதை நம்பி எழுதிவிட்டேன், அப்பா சொன்னது தப்பு என்று பச்சையாகவே எழுது. என் மானத்தைக் காப்பாற்ற ஒரு வார்த்தையும் மாற்றி எழுதாதே.

இப்படிக்கு
உன் அப்பா
சி. எத்திராஜ்