உன் ஆயிரத்து நூற்று நாற்பது

மிட்லாண்ட், டெக்சஸ்
அக்டோபர் 10, வெள்ளிக்கிழமை

அன்புள்ள தம்பி கிளேட்டனுக்கு,

அக்கா ரோண்டா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீ நலமா என்று கேட்கப்போவதில்லை, உன் நலத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதமே. நான்கு நாளாகப் போன் அடித்துப் பார்த்துவிட்டேன். எடுப்பதாக இல்லை. குறுஞ்செய்தி அனுப்பினால் கட்டைவிரல் படம் ஒன்று திரும்பி வருகிறது. ஆகவே காகிதத்தில் எழுதி, நாளைக் காலை உங்கள் எண்ணெய்க் கிணற்றுக் கேம்ப்புக்குத் தண்ணீர் லாரி ஓட்டி வரும் க்ரூஸிடம் கொடுத்தனுப்புகிறேன். நீ கடைசிப் பக்கம்வரை படிக்கிறாயா என்று பக்கத்திலேயே நின்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன். நிற்பான். உன்னைப்போல் இல்லை, அவனுக்கு என்னிடம் பயம் உண்டு.

உன் மச்சான் ஹாலிஸுக்கு முழங்கால் வலி தேவலை. ஆனால் நான் அவரோடு பேசுவதில்லை. காரணம் பின்னால் வருகிறது.

திங்கட்கிழமை மாலை உன் பெண்டாட்டி யெசேனியா வந்திருந்தாள். பன்றி இறைச்சி வைத்த சோளமாவுத் தமாலே ஒரு டஜன் கொண்டுவந்தாள், கூடவே ஒரு நீல ஃபைலும். வருகிற வியாழக்கிழமை லப்பக்கில் அவளுக்கு ஆபரேஷன். பிள்ளை ஏன் உண்டாகவில்லை என்று வயிற்றில் மூன்று துளை போட்டு உள்ளே பார்க்கப்போகிறார்கள். அவளை அழைத்துப்போக ஆள் வேண்டுமாம். கணவன் என்று ஒருவன் இருக்கிறானே என்றேன். "அவருக்கு ஷிஃப்டு முடிய பதினெட்டாம் தேதி ஆகும்க்கா. அதுவுமில்லாம, கோளாறு என்கிட்டதானே, அவர் எதுக்கு வந்து உக்காந்திருக்கணும்" என்றாள். கோளாறு உன்னிடம்தான் என்று யாரம்மா சொன்னது என்று கேட்டேன். ஃபைலைத் திறந்து ஒரு காகிதத்தைக் காட்டினாள். "இதோ பாருங்க, அவருக்கு எல்லாம் நல்லாருக்கு. நல்லான்னா சாதாரண நல்லா இல்ல. டாக்டரே பார்த்து அசந்துட்டாராம்."

ஆயிரத்து நூற்று நாற்பது. டெஸ்டோஸ்டிரோன் என்கிற ஆண் ஹார்மோனின் அளவு. பச்சைப் பேனாவால் அதைச் சுற்றி வட்டம் வேறு போட்டிருக்கிறாய்.

நான் ஆண்களின் சிறுநீர், பிள்ளைப்பேற்றுக் கோளாறுகளைப் பார்க்கும் டாக்டர் ஆபீசில் நான்கு வருஷமாக நர்ஸ் வேலை பார்க்கிறவள். உன் வயதில், உன் தொந்தியோடு, அந்த எண் தானாக வராது என்று எனக்குத் தெரியும். காகிதத்தின் தலையில் இருந்த கிளினிக்கின் பெயரும் தெரியும். டயர் கடைக்கும் டோனட் கடைக்கும் நடுவில் இருக்கிறதே, ஊசி விற்கும் அந்த ஆம்பளைக் கடை.

அவள் போனதும் ஹாலிஸைப் பிடித்தேன். ஐந்து நிமிஷம் தாங்கவில்லை. ஜனவரியிலிருந்து நீ வாராவாரம் அந்த ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்கிறாய், கேம்ப்பில் உன் பெட்டியில் மருந்து இருக்கிறது, யாரிடமும் சொல்லவேண்டாம் என்று அவரிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாய். அவரும் ஒன்பது மாதம் காப்பாற்றியிருக்கிறார். நீங்கள் பிள்ளைக்கு முயற்சி செய்வது தனக்குத் தெரியாதாம். "அதெல்லாம் நீங்க பொம்பளைங்க பேசிக்கிற விஷயம், எனக்கெப்படித் தெரியும்?" என்கிறார். இரண்டு ஆண்கள் சேர்ந்து ஒரு ரகசியத்தைக் காப்பாற்றினால் அது எந்த லட்சணத்தில் இருக்கும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

இப்போது நன்றாகக் கேட்டுக்கொள். பொறுமையாக ஒருமுறைதான் எழுதுவேன்.

வெளியிலிருந்து அந்த மருந்து வந்தால், உன் உடம்பு தன் வேலையை நிறுத்திவிடும். நீ கிணற்றில் வேலை செய்கிறவன், உனக்குப் புரியும்படி சொல்கிறேன். தொட்டி நிரம்பி வழிகிறது என்று மேலிடத்துக்குச் சேதி போனால், கிணற்றை மூடிவிடச் சொல்லி உத்தரவு வருமா வராதா? அதேதான். மூளை பார்க்கிறது, ரத்தத்தில் நிறைய ஓடுகிறது, இனி உற்பத்தி வேண்டாம் என்று கீழே ஆணை போடுகிறது. ஹார்மோனும் நிற்கும், விந்தணுவும் நிற்கும். தொட்டி நிறைந்திருக்கிறது, கிணறு மூடியிருக்கிறது. நீ தொட்டியின் அளவை வட்டம் போட்டு ஃபைலில் வைத்திருக்கிறாய். உன் விந்தில் இன்றைக்கு அநேகமாக ஒன்றுமே இருக்காது, தம்பி. பூஜ்யம். எங்கள் ஆபீசுக்கு மாதத்துக்கு இரண்டு பேர் இப்படி வருகிறார்கள். தோள் மட்டும் கதவு அகலத்துக்கு இருக்கும்.

லப்பக் டாக்டர் உன்னிடம் மூன்று முறை கேட்டிருக்கிறார், ஒரு கப்பில் பிடித்துக் கொடு என்று. "ஆம்பளையப் பார்த்துக் கேக்குற கேள்வியா இது" என்று யெசேனியாவிடம் குதித்தாயாம். கப்புக்குப் பதிலாக இந்தக் காகிதத்தை நீட்டினாயாம். உலகத்திலேயே இதைவிடச் சுலபமான பரிசோதனை கிடையாது. பதினைந்து வயதிலிருந்து நீ பாத்ரூமில் பயிற்சி எடுத்த விஷயம். அதற்கு உனக்கு மானம் போகிறது. அவளுக்கு ஊசி, கருக்குழாயில் சாயம், மேசை, இப்போது கத்தி. அந்த ஆபீசிலும் எவளோ ஒருத்தி காகிதத்தைப் படிக்காமலே "கணவர்: முடிந்தது" என்று டிக் போட்டிருக்கிறாள். அவளுக்கும் தனியாக வைத்திருக்கிறேன்.

புதன்கிழமை மதிய இடைவேளையில் அந்தக் கடைக்கு நானே போனேன். தோல் நாற்காலிகள், சுவரில் மான் தலை, பெரிய டிவியில் ஃபுட்பால். டாக்டரை மட்டும் காணோம். அவர் டல்லஸில் இருக்கிறாராம், திரையில் வருவாராம். இறுக்கமான பனியன் போட்ட ஒருவன் பத்துக் கேள்விகள் அச்சடித்த தாள் ஒன்றைக் கொடுத்தான். சாப்பிட்டதும் தூக்கம் வருகிறதா? முன்னைப்போல் விளையாட முடியவில்லையா? சின்ன விஷயத்துக்கும் எரிச்சல் வருகிறதா? நான் எனக்கே நிரப்பிப் பார்த்தேன். பத்துக்கு எட்டு. எங்கள் நாய்க்கு நிரப்பியிருந்தால் ஒன்பது வந்திருக்கும். தம்பிக்காகக் கேட்கிறேன், அவனுக்குக் குழந்தை வேண்டும் என்றேன். "கவலையே படாதீங்க மேடம், காளை மாதிரி ஆயிடுவாரு. ரெட்டைக் குழந்தையே பொறக்கும்!" என்றான். அந்த இடத்திலேயே அவன் காதைத் திருகியிருப்பேன், நர்ஸ் யூனிஃபார்மில் இருந்ததால் விட்டேன்.

ஊசி ஆரம்பிக்கும் முன் உன் ரத்தத்தை எப்போது எடுத்தார்கள் என்று ஹாலிஸ் சொன்னார். பதினான்கு இரவு தொடர்ந்து கண்விழித்து வேலை செய்துவிட்டு, வீட்டுக்குக்கூடப் போகாமல், நேராக அங்கே போய், மாலை நான்கு மணிக்குக் கையை நீட்டியிருக்கிறாய். அந்த நிலையில் யாருக்குத்தான் குறையாது? நல்லபடி தூங்கி எழுந்து காலையில் எடுக்க வேண்டும், இன்னொரு நாள் மறுபடி எடுக்க வேண்டும். எங்கள் டாக்டர் விட்லாக் அப்படித்தான் செய்வார். உனக்கு இருந்தது நோய் இல்லை, தூக்கம். அதற்குத் தலையணை போதும்.

இன்னொன்று. போன மாதம் சமையலறையில் சட்டியைத் தூக்கி எறிந்தாயாம். அதற்கு ஹாலிஸிடம், "என்ன பண்றது மச்சான், ஊசி பேசுது, உங்களுக்குத் தெரியாததா" என்றாயாம். அந்தச் சாக்கு என்னிடம் செல்லாது. ஹாலிஸ் ஏழு வருஷமாகப் போட்டுக்கொள்கிறார். தலைக்குள் கட்டியை எடுத்தபோது ஹார்மோனுக்கு ஆணை போடும் சுரப்பியும் போய்விட்டது, அதனால் போட்டுக்கொள்கிறார். அதற்கு முன்னால் ஒரு படி இறங்கியதற்கே கால் எலும்பு விரிசல் விட்ட மனுஷன். ஊசி அவரைக் காளையாக்கவில்லை, அரக்கனாக்கவும் இல்லை, பழைய ஹாலிஸாக்கியது, அவ்வளவுதான். தேவைப்பட்டவருக்குத் தேவைப்பட்ட அளவு, ரத்தம் கெட்டியாகிறதா என்று அவ்வப்போது பார்த்துக்கொண்டு. நாயைக்கூட அவர் அதட்டியதில்லை. அவரைத்தான் நீயும் உன் கூட்டாளிகளும் "மருந்துக்கடை ஆம்பளை" என்று கேலி செய்தீர்கள். இன்றைக்கு அதே கூட்டம் காலையில் முட்டையும் பிஸ்கட்டும் தின்றுகொண்டே "உனக்கு எவ்ளோடா?" "தொள்ளாயிரம்." "ப்பூ, நான் ஆயிரத்தைத் தாண்டி மாசமாச்சு" என்று எண் சொல்லிக்கொள்கிறீர்களாம். க்ரூஸ் சொன்னான். சட்டியை எறிந்தது ஊசி இல்லை, நீ. பதினாறு வயதிலும் எறிந்தாய், அப்போது எந்த ஊசி பேசியது?

உனக்குப் பன்னிரண்டு வயது மூத்தவள் நான், உனக்குக் குண்டி கழுவிவிட்டவள். உன் ஆண்மையைப் பார்த்து நான் மிரளமாட்டேன்.

ஆனால் ஒன்றை நானும் சொல்லியாக வேண்டும். எழுத வேண்டாம் என்று இரண்டு முறை பேனாவை வைத்துவிட்டு மறுபடி எடுத்திருக்கிறேன். போன வருஷம் நன்றித் திருநாள் சாப்பாட்டில், வான்கோழியை நீ அறுத்துக்கொண்டிருக்கும்போது, "ஏண்டா, துப்பாக்கில தோட்டா இருக்கா, இல்ல வெறும் சத்தந்தானா?" என்று கேட்டது நான். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். யெசேனியா மட்டும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கு அடுத்த வாரம் நீ ஹாலிஸிடம் ஊசியைப் பற்றி முதல்முதலாக விசாரித்தாயாம். திங்கட்கிழமைதான் அவர் இதை என்னிடம் சொன்னார். உன்னை முட்டாள் என்று இவ்வளவு நேரம் திட்டினேன். அந்த முட்டாளைக் கடைக்கு அனுப்பிய வாய் என்னுடையது. தப்புத்தான்.

அப்போது உங்களுக்கு ஒரு கோளாறும் இருந்திருக்காது என்றுதான் இப்போது தோன்றுகிறது. மாதத்தில் பாதி நாள் நீ பாலைவனத்தில் கிடக்கிறாய். பிள்ளை பெற முதலில் வீட்டில் இருக்க வேண்டும், அறிவு கெட்டவனே.

திங்கட்கிழமை கிளம்பும்போது கார் கதவைப் பிடித்துக்கொண்டு யெசேனியா என்ன சொன்னாள் தெரியுமா? "ஆபரேஷன்லயும் சரியாகலைன்னா நான் எங்கம்மா வீட்டுக்கு எல் பாசோ போயிடுறேன்க்கா. அவரு நல்லாத்தானே இருக்காரு, என்னால அவருக்கு எதுக்கு வீணா? வேற நல்ல பொண்ணாப் பார்க்கட்டும்." அழவில்லை. மளிகைச் சாமான் பட்டியல் படிப்பதுபோல் சொன்னாள். அப்போதே என் சந்தேகத்தைச் சொல்லியிருப்பேன். உன் வாயால் அவள் கேட்க வேண்டும் என்பதற்காக நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

இனி செய்ய வேண்டியது. உன் மேஸ்திரியிடம் விடுப்புச் சொல்லிவிட்டுப் புதன்கிழமைக்குள் வீட்டுக்கு வா. அவளிடம் எல்லாவற்றையும் சொல், எண் எப்படி வந்தது என்பதையும் சேர்த்து. லப்பக் ஆபீசுக்குப் போன் செய்து ஆபரேஷனை நிறுத்தச் சொல். ஊசியை நீயாக வீராவேசமாக நிறுத்திவிட்டுச் சுருண்டு படுக்காதே. செவ்வாய்க்கிழமை காலையோ புதன்கிழமை காலையோ, எப்போது வந்தாலும் டாக்டர் விட்லாக் உன்னைப் பார்ப்பார், கேட்டுவைத்திருக்கிறேன். கிணற்றை மறுபடி திறக்க மருந்து உண்டு. ஆறு மாதமாகலாம், ஒரு வருஷம் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். பெரும்பாலும் திரும்பி வரும் என்கிறார். எல்லோருக்கும் வரும் என்று அவர் சொல்லவில்லை. நானும் சொல்லமாட்டேன்.

நீ வராவிட்டால், வியாழக்கிழமை விடியற்காலை அவள் பையோடு என் வீட்டுக்கு வருவாள். காரில் ஏற்றமாட்டேன். உட்காரவைத்து நானே சொல்லிவிடுவேன். அதற்குப் பிறகு அவள் எல் பாசோவுக்குப் போனால், மறிக்க எனக்கு வாய் இருக்காது.

ஹாலிஸுக்கு ஊசி ஆரம்பித்தபோது, பிள்ளை வேண்டுமா என்று எங்களை ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விந்தணுவை நிறுத்தாத வேறு மருந்து இருந்திருக்கிறது. இந்த ஆபீசில் சேர்ந்த முதல் மாதம்தான் எனக்கே அது தெரிந்தது. அப்போது எனக்கு நாற்பத்திரண்டு முடிந்திருந்தது. இதைப் பற்றி இதற்கு மேல் எழுதப்போவதில்லை.

கடவுள் உனக்குக் கொஞ்சம் புத்தியையும், அவளுக்கு உன்னை மன்னிக்கும் மனசையும், உங்கள் இருவருக்கும் ஒரு பிள்ளையையும் கொடுக்கட்டும். அது அவள் முகத்தோடு பிறக்கட்டும். என்னை அத்தை என்று கூப்பிட ஒரு குரல் வேண்டும், கிளேட்டன். இந்த வீட்டில் என்னை வேறு எப்படியும் கூப்பிட யாரும் வரப்போவதில்லை. புறப்பட்டு வா.

உன் அக்கா,
ரோண்டா