ஸ்லோ நிற்காத ஜீப்

என்னாங்க,

இன்றைக்குக் காலையில் வாசலில் நாலு சில்லில் உருளுகிற பைக் ஒன்று வந்து நின்றது. நின்றது என்றா சொன்னேன்? எங்கே நின்றது! கேட்டுக்குள் நுழைந்ததும் இரண்டு தரம் இருமிவிட்டு அணைந்துபோயிற்று. மடுல்கெல்லைக்கு மேலே இருக்கிற ஹோட்டலில் வெள்ளைக்காரரை ஏற்றிக்கொண்டு தேயிலைக்குள் சுற்றுமே, அந்த வண்டி. ஓட்டி வந்தவர் புதிய ஆள். "ஸ்லோ பாஸ் இருக்காருங்களா? ரேஸ் குடுத்தா ஓடுது, கைய விட்டா நின்னுருது" என்றார். வாசலெல்லாம் பெட்ரோல் வாசம். "அவரு இல்லங்க" என்றேன். "எப்ப வருவாரு?" என்று கேட்டார் அந்த மனுஷன். உள்ளே போய் ஒரு பிளேன்டீ ஊற்றிக் கொடுத்து, நீங்கள் போய்ச் சேர்ந்த விஷயத்தைச் சொன்னேன். பாவம், டீயைக் குடிக்கவும் முடியாமல் வைக்கவும் முடியாமல் நின்றார். பிறகு வண்டியைத் தள்ளிக்கொண்டே ரோட்டுக்கு இறங்கிப் போனார்.

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. கோபப்பட எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஊர்க்காரர் உங்களுக்கு வைத்த பெயரைப் பாருங்கள். இந்த வத்தேகம டவுனில் எஞ்சின் பிரிக்க எத்தனையோ மெக்கானிக் பாஸ்மார் உண்டு. ஆனால் சும்மா நிற்கும்போது எஞ்சின் அணையாமல் மெதுவாக ஓடிக்கொண்டிருக்க வேண்டுமே, அந்த ஸ்லோவைப் பிடித்துத் தர மட்டும் உங்களிடம்தான் வருவார்கள். நீங்கள் பேசுவதும் அதே வேகம் என்பதால் பெயர் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டது. காலையில் கேட்டதற்குச் சாயங்காலம் பதில் வரும், அதுவும் ஒரு சொல்லில். நானோ வாயாடி. இந்த வீட்டுப் பேச்சு முழுவதையும் ஒருத்தியாகவே பேசித் தீர்த்தேன்.

நான் கட்டிக்கொண்ட ஆள் அப்படி இல்லை. அதை அறிந்தவள் இப்போது நான் மட்டும்தான்.

அந்த ஆள் தோட்டத்து ஜீப்புக்கு டிரைவர். வளைவுக்கு வளைவு பாட்டு. நான் அதே தோட்டத்து டிஸ்பென்சரியில் மருத்துவிச்சி. பேறு சிக்கலாகிவிட்டால் கண்டி பெரியாஸ்பத்திரிக்குப் போக அந்த ஜீப்பைத் தவிர வேறு ஆம்புலன்ஸ் கிடையாது. பின்னால் பெண் வலியில் துடித்துக்கொண்டிருப்பாள், நீங்கள் முன்னாலிருந்து, "பயப்படாத தங்கச்சி, இவ பேசுற சிங்களத்தக் கேட்டா பிள்ள தானா வெளிய ஓடி வந்துரும்" என்பீர்கள். அந்த வலியிலும் அவள் சிரிப்பாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

ஜீப்புக்கு ஒரே வியாதி, எஞ்சின் சூடேறினால் ஸ்லோ நிற்காது. ரேஸிலிருந்து காலை எடுத்தால் அணைந்துவிடும். பேட்டரியும் செத்தது, அணைந்தால் நாலு பேர் தள்ளித்தான் எடுக்க வேண்டும். யுத்த காலத்தில் சாமான் எங்கே கிடைக்கும்? கார்புரேட்டருக்கு அடியில் காற்று இழுக்கிறது என்று சப்பாத்துப் பெட்டி அட்டையை வெட்டி வைத்தீர்கள். ஜெட்டைக் கழற்றி வாயால் ஊதிவிட்டு, பெட்ரோலைத் துப்பிக்கொண்டே சோற்றுக்கு வந்து உட்காருவீர்கள். டவுனில் ஸ்க்ரூவைத் திருகி வைத்தால் அங்கே சமர்த்தாக நிற்கும், பன்வில தாண்டி ஏறினால் பழையபடி. "கீழ காத்து வேற, மேல காத்து வேற" என்று அதற்கும் ஒரு சமாதானம்.

நீங்கள் பானெட்டுக்குள் தலையை விட்டு ஸ்க்ரூவைத் திருக, நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ரேஸ் மிதிக்க வேண்டும்.

"குடு... குடு... போதும், விடு. ஐயோ, முழுசா விடச் சொன்னேனா?"

"விடுன்னா விடுறதுதான்! அளவு சொல்லித் தொலைங்க!"

அப்படிச் சண்டை பிடித்தே அளவாக மிதிக்கப் பழகினேன். ஜீப்பை ஓட்டத் தெரியாது. அணையாமல் பிடித்து வைத்திருக்க மட்டும் தெரியும்.

அந்த ஒரு நாள், ஜீப்பின் பின்னால் படுத்திருந்தது மேல்பக்கத்து லயத்து வீட்டுப் பெண். வயிற்றில் பிள்ளை குறுக்கே கிடந்தது. முந்தின நாள் எங்கோ குண்டு வெடித்ததாம், பன்விலவுக்குக் கீழே ரோட்டில் ஆமிக்காரர் பீப்பாய்களை வைத்து மறித்திருந்தார்கள். அடையாள அட்டை கேட்டார்கள். என்னிடம் இருந்தது. உங்களிடம் லைசென்ஸ் மட்டும்தான். பிரஜாவுரிமைக் கடதாசி ஏதோ ஒரு கந்தோரில் தூங்கிக்கொண்டிருந்தது. ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடும் இரண்டு பேரில் ஒருத்தி இந்த நாட்டுக்காரி, மற்றவர் எந்த நாட்டுக்காரரும் இல்லை. இறங்கச் சொன்னார்கள். பின்னாலிருந்த என்னை முன்னுக்கு வரச் சொன்னீர்கள். என் கால் வந்து ரேஸில் அழுந்திய பிறகுதான் உங்கள் காலை எடுத்தீர்கள். "எடுக்காத புள்ள. இந்தா வந்துர்றேன்" என்றீர்கள். ரோட்டோரம் பூட்டிக் கிடந்த கடை ஒன்றின் பின்பக்கமாக உங்களைக் கூட்டிப் போனார்கள்.

மிதித்துக்கொண்டிருந்தேன். ஒருவன் வந்து எஞ்சினை நிறுத்தச் சொன்னான். அணைந்தால் திரும்ப எடுக்காது, தாயும் பிள்ளையும் செத்துப்போவார்கள், உன் அம்மாவும் இப்படித்தானே உன்னைப் பெற்றாள் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கத்தினேன். என்ன நினைத்தானோ, விலகிப் போனான். கெண்டைக்கால் மரத்துப்போயிற்று. பின்னால் அவள் "அக்கா, அக்கா" என்று முனகிக்கொண்டிருந்தாள், திரும்பி ஒரு கை கொடுக்கவும் வழியில்லை. நான் கடையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு ஆள் இல்லை, உலகத்திலேயே ஒரு ஆள் இல்லை என்று இருந்தது.

எங்களுக்குப் பின்னால் மறிபட்டு நின்ற மரக்கறி லொறியின் டிரைவர், ஒரு சிங்கள மனுஷன், இறங்கிப் போய் அவர்களிடம் ஏதோ மன்றாடினார். பிறகு என் பக்கம் வந்தார். "நோனா, கால் எடுங்க. நான் கொண்டு போறேன்."

"அவரு வரணும்" என்றேன்.

"அவர் இப்ப வாறது இல்ல, நோனா."

அவள் முனகுவதும் நின்றிருந்தது. அதுதான் என்னை உலுக்கியது. காலை எடுத்தேன். அந்த மனுஷனின் கால் உடனே அந்த இடத்துக்கு வந்தது. அணையாமலே கண்டி வரைக்கும் போனோம். தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது.

மாதக்கணக்காக உங்களைத் தேடி நான் ஏறி இறங்காத வாசல் இல்லை. தை பிறந்த பிறகு ஒரு மத்தியானம் நீங்களாகவே நடந்து வந்தீர்கள். இடுப்பில் யாருடையதோ ஒரு சாரம், எலும்பும் தோலுமாக உடம்பு. வாசலில் நின்றபடியே, "எஞ்சின் அணஞ்சிருச்சா?" என்றீர்கள்.

"அணையல."

"பிள்ள?"

"பொம்பளப் பிள்ள. நல்லா இருக்கு."

தலையை ஆட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டீர்கள். அதோடு சரி. அதற்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொடவில்லை. பாடவும் இல்லை. தோட்டத்தை விட்டு இங்கே இறங்கி வந்தோம், முற்றத்தில் அடுத்தவர் வண்டிகளுக்கு ஸ்லோ பிடித்துக் கொடுத்தே காலம் ஓடிற்று. சோறு போட்டால் சாப்பிடுவீர்கள். எனக்குக் காய்ச்சல் என்றால் வாடகை ஓட்டோ பிடித்து வருவீர்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நான் உங்களோடு இருந்து அனுபவித்த தனிமையைக் கைம்பெண்கள்கூட அனுபவித்திருக்க மாட்டார்கள்.

ஒரே கேள்விதான் என்னைத் தின்றது. விட்டுவிட்டுப் போய்விட்டாள் என்று நினைத்தீர்களா? நான் காலை எடுத்தது சரி. இன்றைக்கு அந்த இடத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தாலும் எடுப்பேன். ஆனால் நீங்கள் என்ன நினைத்தீர்கள் என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. ஒருமுறை கேட்டே விட்டேன். நீங்கள் ஸ்க்ரூ டிரைவரைத் தேடிக்கொண்டு முற்றத்துக்குப் போய்விட்டீர்கள். அன்றைக்குக் கறிச்சட்டியைப் போட்டு உடைத்தேன், ஞாபகம் இருக்கிறதா?

போன வருஷம் சித்திரை கழிந்து இதே ஹோட்டல் பைக் ஒன்று வந்தது. ரேஸைப் பிடிக்க ஆளில்லை என்று என்னைக் கூப்பிட்டீர்கள். இதற்குக் கால் வேண்டாம், கட்டை விரல் போதும். நான் அமுக்கிப் பிடித்தேன், நீங்கள் குனிந்து திருகினீர்கள். தலையை நிமிர்த்தாமலே சொன்னீர்கள்.

"இப்ப கை நல்லா நிக்குது. அன்னிக்கித்தான் கால் நடுங்குச்சு."

"என்னிக்கி?"

"கடைக்குள்ள என்னையக் குப்புறப் போட்டிருந்தாங்க. கண்ணக் கட்டிட்டாங்க. சொவத்துக்கு அந்தப் பக்கம் எஞ்சின் சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. ஏறும், எறங்கும். ஒன் கால் நடுங்குதுன்னு தெரிஞ்சுச்சு."

நான் விரலை எடுக்கவில்லை.

"அப்பறம் வண்டி எறங்கிப் போற சத்தம் வந்துச்சு. அப்பாடான்னு இருந்துச்சு" என்றீர்கள். "போதும், விடு."

அவ்வளவுதான். பைக் அழகாக ஸ்லோவில் நின்றது. நீங்கள் கையைத் துடைத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனீர்கள். அடப் பாவி மனுஷா! இந்த நாலு வார்த்தையை அன்றைக்கே, அந்த வாசலில் நின்று சொல்லியிருக்கக் கூடாதா? இத்தனை வருஷம் நான் சுவரோடு பேசியிருக்க வேண்டாமே! அதற்குப் பிறகாவது நிறையப் பேசுவோம் என்று நினைத்தேன். அந்த வருஷத்து மழையில் பிடித்த சளி உங்களைக் கொண்டுபோய்விட்டது.

கொழும்பில் கட்டிக் கொடுத்த நம் மகள் அங்கே வந்து இருக்கச் சொல்கிறாள். போகலாம், போகாமலும் இருக்கலாம். அன்றைக்கு அந்த ஜீப்பில் நான் ஒருத்தியாக இருந்தேன் என்றுதான் இவ்வளவு காலமும் நம்பியிருந்தேன். நீங்கள் கண்கட்டோடு கிடந்து என் கால் மிதிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறீர்கள். கேட்க நீங்களும் இல்லாதபோதுதான், தனியாக இருப்பது என்றால் என்னவென்று தெரிகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் நீங்கள் இருக்கிறீர்கள் என்று யாராவது ஒரு வார்த்தை சொன்னால், எத்தனை நேரமானாலும் மிதித்துக்கொண்டே இருப்பேன்.