இரண்டு விரல் கோணல்

அன்புள்ள மகளுக்கு, அம்மா எழுதுவது. இங்கே இரண்டு பேரும் நன்றாக இருக்கிறோம், அப்பாவின் நெற்றி வீக்கம் வற்றி இப்போது லேசாக ஒரு தடம் மட்டும்தான், அதுவும் கண்ணாடி போட்டால் தெரிவதில்லை. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும், உன் முதுகுவலியும் குறைந்திருக்க வேண்டும். ஒரு காலை மடக்கிப் போட்டு நாற்காலியில் உட்காரும் பழக்கத்தை விட்டாலே பாதி வலி போய்விடும், நீ பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து சொல்லி வருகிறேன், கேட்டால்தானே. அத்தைக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து கைத்தடி பிடித்து நடக்கிறாள். நடக்கத் தொடங்கிய அன்றே மருமகளின் அலமாரியைத் திறந்து அடுக்க ஆரம்பித்துவிட்டாளாம், ஆகவே உடம்பு தேறிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். சமையலறைக் குழாய் சொட்டுவது ஒருவழியாக நின்றது. இனி நீ எங்களிடம் விட்டுப்போன உன் கார் விஷயம். போனில் சொல்லிவிட்டு வைத்துவிட முடியாது என்பதால்தான் கடிதம். நீ கையெழுத்துப் போட வேண்டிய தாளும் இதனுடன் இருக்கிறது, ஆனால் முழுதும் படித்துவிட்டுப் போடு.

முதலில் ஒரு பொய்யைச் சரிசெய்ய வேண்டும். கார் இடித்த அன்று யார் ஓட்டினது என்று நீ போனில் கேட்டாய், அப்பா நான்தான் என்றார். அவர் ஓட்டவில்லை, நான்தான் ஓட்டினேன். லைசென்ஸ் கைக்கு வந்து ஒன்பதே வாரம் ஆன நான், தண்ணீர்த் தொட்டி தாண்டி வருகிற திருப்பத்தில், மழை விட்ட ஈர ரோட்டில், போக வேண்டிய வேகத்தைவிடக் கூடுதலாகப் போய் நடுவில் இருக்கிற சிமெண்டுத் தடுப்பில் முட்டினேன். குறுக்கே ஆள் வரவில்லை, நாய்கூட வரவில்லை, பழிபோட ஒரு ஜீவன் கிடைக்கவில்லை. அப்பா பக்கத்து சீட்டில் கண் பரிசோதிக்கிற கண்ணாடிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். பெட்டியின் மூடி எகிறி அவர் நெற்றியில் அடித்தது, வட்ட வட்டமான லென்சுகள் வண்டி முழுக்கச் சிதறின. நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். அவர் கையை நீட்டி எஞ்சினை அணைத்தார், பிறகு என் முகத்தைப் பார்த்து "மூச்சை இழுத்து விடு பாப்போம், எங்கயாவது குத்துதா" என்று கேட்டார். அன்றிலிருந்து இன்றுவரை அதைப் பற்றி என்னிடம் ஒரு சொல் குறையாகச் சொன்னதில்லை. சட்டையில் ஒரு பொத்தான் இல்லையென்றால் மூன்று நாள் முனகுகிற மனுஷன், உனக்குத் தெரியாதா.

இன்சூரன்ஸ் படிவத்தில் நடந்ததைத்தான் எழுதினோம், என் பெயர், என் லைசென்ஸ், என் கையெழுத்து. கம்பெனிக்காரனுக்கு உண்மை, பெற்ற பெண்ணுக்குப் பொய், நம் குடும்ப லட்சணம் இது. ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று அன்றைக்கே அவரைக் கேட்டேன். நான் கார் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றதும் "அம்மாவுக்கு இந்த வயசுல எதுக்குப்பா இதெல்லாம்" என்று நீ கத்தினாயே, அப்போது அவர் உன்னிடம் தானே பொறுப்பு என்று சொல்லியிருந்தார். "பொறுப்புன்னு சொன்னது நானு, அப்ப இடிச்சதும் நானுதான், இதுல பொய் எங்க வந்துச்சு" என்று அதையே காரணமாகச் சொன்னார். நான் அப்போதே போனைப் பிடுங்கி உன்னிடம் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை, பயந்துவிட்டேன். நீ திட்டுவாய் என்று இல்லை, நீ சொன்னதுதான் சரி என்று ஆகிவிடுமே என்று. நீ அவரைப் பிடிபிடி என்று பிடித்து, இனிமேல் ஸ்டியரிங்கைத் தொடமாட்டேன் என்று சொல்லுங்கள் என்றாய், அவரும் தொடமாட்டேன் என்றார். நீ கோபத்தில் கேட்டதை அவர் மனதாரக் கொடுத்துவிட்டார். ஆறு வாரமாக, வாரத்துக்கு மூன்று நாள், அந்தப் பெட்டியையும் பிரேம் பையையும் இரண்டு தோளிலும் மாட்டிக்கொண்டு காலை ஆறேகால் பஸ்ஸில் வெளியூர் போகிறார், வலது தோளைத் தூக்க முடியாமல் திரும்பி வருகிறார். கடைக்கு வருகிறவர்களுக்கு மட்டும் கண் பார்த்தால் போதாதா என்றால், "வர முடியாதவங்களுக்குத்தானே சரியாத் தெரியல" என்கிறார். பக்கத்துக் கடைக்காரர் மனசு கேட்காமல் தன் கார் சாவியை நீட்டினார், "பொண்ணுகிட்ட சொல்லிட்டேங்க" என்று இவர் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதைப் பார்த்துக்கொண்டு நின்ற எனக்கு வெட்கமாக இருந்தது.

காருக்கு வருகிறேன். உன் சம்பாத்தியத்தில் வாங்கிய முதல் வண்டி, எவ்வளவு ஆனாலும் அனுப்புகிறேன், பழையபடி ஆக்கிவிடுங்கள் என்று நீ அழுதது அப்பாவுக்கு வேதவாக்காகிவிட்டது. வாசலில் நின்ற காரைப் பார்க்க முதலில் ஒரு மெக்கானிக் வந்தார். பானெட்டைக்கூட முழுதாகத் திறக்காமல் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கொடுங்கள், பத்து நாளில் புது வண்டி என்றார். அப்பாவுக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது. அடுத்து வந்தவர் வண்டித் தரகர். சரிபண்ணி ஓட்டுவது வீண் வேலை, மேலே பூசி மெழுகி வேறு ஆளிடம் தள்ளிவிடலாம், "வாங்கறவனுக்கு ஒரு மண்ணும் தெரியாது சார்" என்று சிரித்தார். உன் அப்பா சிரிக்கவில்லை. "எனக்குத் தெரியுமே" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து கதவருகே போய் நின்றுகொண்டார், அந்த ஆள் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டுப் போக வேண்டியதாயிற்று. யார் எது சொன்னாலும் தலையாட்டுகிறவர் என்று இத்தனை வருஷமாக இவரைக் கேலி செய்து வந்தவள் நான். அன்றைக்கு அந்தக் கேலியைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

மூன்றாவதாகப் போனது மரக்கிடங்குக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு பட்டறைக்கு. அதை நடத்துவது ஒரு பெண், நாற்பத்தைந்து இருக்கும், கொண்டையில் ஒரு பென்சில், எல்லோரும் நூல்கண்டு என்று கூப்பிடுகிறார்கள், அவளும் அதற்குத் திரும்பிப் பார்க்கிறாள். கயிறு கட்டி இழுத்து வந்தால்தான் பார்ப்பேன், நின்ற இடத்தில் பார்த்துச் சொல்ல நான் ஜோசியக்காரி இல்லை என்று முன்பே சொல்லிவிட்டாள். அப்படியே இழுத்துக்கொண்டு போனோம். வண்டியைத் தூக்கி நிறுத்தி, அடியில் படுத்து, முன்பக்க இடது மூலையிலிருந்து பின்பக்க வலது மூலைக்கு ஒரு நூலை இழுத்துக் கட்டினாள், அதேபோல் மறுபக்கமும். இரண்டு நூலும் ஒரே நீளம் இருந்தால் வண்டியின் உடம்பு நேராக இருக்கிறது, இல்லாவிட்டால் கோணிவிட்டது, அவ்வளவுதான் கணக்கு. நூலின் ஒரு முனையைப் பிடிக்க அப்பாவைக் கூப்பிட்டாள். இரண்டு கருவிழிக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று தினம் அளக்கிறவர் இல்லையா, ஒரு மயிரிழை தளர்ந்தாலும் விடவில்லை. அவர் சரியில்லை என்றால் அவள் மறுபடி கட்டினாள், அவள் சரியில்லை என்றால் அவர் மறுபடி பிடித்தார். மூன்று தடவை அளந்தார்கள். தொழில் தெரிந்த இரண்டு பேர் சேர்ந்து வேலை செய்வதைப் பார்க்க அத்தனை அழகாக இருந்தது, வந்த துக்கத்தையே கொஞ்ச நேரம் மறந்துவிட்டேன். மூன்று தடவையும் இரண்டு விரல் வித்தியாசம் வந்தது.

பிறகு டிரைவர் சீட்டில் ஏறி உட்காரப் பார்த்தாள், முழங்கால் முட்டியது. இடிச்சப்புறம் சீட்டை யாராவது நகர்த்தினீங்களா என்று கேட்டாள். இல்லை என்றார் அப்பா. யார் ஓட்டினது என்றாள். நான்தான் என்றார், பழக்கதோஷம். அவள் ஆறடி உயரத்துக்கு நிற்கிற அவரைப் பார்த்தாள், அவர் தோளுக்கும் எட்டாத என்னைப் பார்த்தாள், சீட்டின் மேல் நான் போட்டிருந்த தலையணையைப் பார்த்தாள், சரி என்று சொல்லி இறங்கிவிட்டாள். இங்கிதம் என்றால் அதுதான். முன்பக்கத்தைக் கழற்றி, விசிறி மடிப்பாக மடங்கிப் போயிருந்த ஓர் இரும்புச் சட்டத்தைத் தொட்டுக் காட்டினாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "வெளியில நான் புதுசாக்கிடுவேன், நீங்களே கண்டுபிடிக்க மாட்டீங்க. இந்தச் சட்டத்தையும் இழுத்து நேராக்கலாம். ஆனா இது மடங்கினதாலதான் உங்க காலு ரெண்டும் இருக்கு. இன்னொரு தடவை இதே மாதிரி மடங்கும்னு என்னால கையெழுத்துப் போட முடியாது." வேலை வேண்டாம் என்று தள்ளுகிற நிலையில் அந்தப் பட்டறை இல்லை, உள்ளே இன்னொரு வண்டிகூட இல்லை. இருந்தும் சொன்னாள்.

அப்பா அப்போதும் விடவில்லை, பெண்ணுடைய வண்டி, பெண் கேட்டிருக்கிறாள், எப்படியாவது பண்ணுங்கள் என்று கெஞ்சினார். அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள், "சரிபண்ணதும் இதை ஓட்டப் போறது யாரு?" நான் என்று அவரால் சொல்ல முடியவில்லை, உனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாரே. என்னைக் காட்டி "இவங்கதான்" என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே காதில் விழுந்தது போலிருக்கிறது. மடங்கிய சட்டத்தைக் குனிந்து பார்த்தார், "அப்ப வேண்டாம்மா, விட்டுடுங்க" என்றார். இவ்வளவுதான் நடந்தது. இனி ஜென்மத்துக்கும் ஸ்டியரிங் பக்கம் போவதில்லை என்று நான் உள்ளுக்குள் முடிவு செய்து ஆறு வாரம் ஆகியிருந்தது. ஆனால் இந்த மனுஷன், என்னால் நெற்றி உடைந்தவர், நான் மறுபடி ஓட்டத்தான் போகிறேன் என்று துளி சந்தேகமில்லாமல் இருந்திருக்கிறார். எனக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது. நூல்கண்டு அதைக் கவனிக்காதவள்போல ஒரு சாவியை என் கையில் வைத்து, வாசலில் நிற்கிற வேன் வழியை மறைக்கிறது, கொஞ்சம் ஓரமாக நிறுத்துங்கள் என்றாள். மெதுவாக ஓட்டி ஓரமாக நிறுத்தினேன். வேலிக்கும் வேனுக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி இருந்தது, உன் அப்பா போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்.

ஆகவே உன் காரைச் சரிசெய்யவில்லை. கதவு, கண்ணாடி, சீட்டு, எஞ்சின் எல்லாம் வேறு வண்டிகளுக்குப் போகும், அந்தச் சட்டத்தை மட்டும் யாரும் எடுத்து ஒட்டவைக்காதபடி நூல்கண்டு தானே அறுத்து இரண்டாக்கிவிடுவாளாம். அதற்குத்தான் உன் கையெழுத்து. உனக்கு வருத்தமாக இருக்கும், தெரியும், அழவேண்டும் என்றால் அழு, நானும்தான் அழுதேன். இன்சூரன்ஸில் வருவதை வைத்து ஒரு சின்னப் பழைய கார் பார்த்துத் தருகிறேன், நூல் போட்டுப் பார்க்காமல் வாங்கவிட மாட்டேன் என்று அவளே சொல்லியிருக்கிறாள். ஊருக்குள் நான் ஓட்டிக்கொள்வேன், மெதுவாக. ஆனால் அப்பா போகிற அந்த நீள ரோடு என்னால் இப்போதைக்கு ஆகாது, அது அவர் ஓட்ட வேண்டிய ரோடு. என்னைக் கேட்டால், முப்பது வருஷமாக ஒரு கீறல் விழாமல் ஓட்டியவர் அவர். நானே உண்மையைச் சொல்லிவிட்டேன், இனி ஓட்டுங்கள் என்று நேற்று சொல்லிப் பார்த்தேன். "நீ கேட்டு நான் வாக்குக் கொடுக்கலயே" என்றார். கல்லுளிமங்கன்.

அதனால் கண்ணு, கோபத்தை என் பக்கம் திருப்பிக்கொள், எத்தனை நாள் வேண்டுமானாலும் என்னோடு பேசாமல் இரு, நான் பட்டுக்கொள்கிறேன். அப்பாவைக் கூப்பிட்டுப் பேசு. மாப்பிள்ளையிடம் சொல்லிக் குளிருக்குக் கனமான போர்வை வாங்கிக்கொள், காலையில் வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடாதே. இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் துணையாக, நீண்ட நாள் நிறைவாக வாழவேண்டும். தாளில் பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இரண்டு இடத்திலும் கையெழுத்து வேண்டும், ஒன்றை விட்டுவிடாதே. அப்பாவைக் கூப்பிடுகிற நாள் திங்கள், புதன், வெள்ளியாக இருந்தால் இங்கே காலை ஆறுமணிக்கு முன்னால் கூப்பிடு, அதற்குப் பிறகு அவர் பெட்டியைத் தூக்கிவிடுவார்.

இப்படிக்கு,
அன்றைக்கு வண்டியை ஓட்டிய உன் அம்மா