உன் கட்டுரைக்கு வந்த மறுப்பு

அன்புள்ள மாப்பிள்ளை சோமு,

நலம் விசாரிக்க எனக்கு இப்போது பொறுமை இல்லை. உன்னோடு சண்டை போடத்தான் எழுதுகிறேன். பேச்சின் நடுவில் எழுந்து போனவனோடு எப்படிச் சண்டை போடுவது என்றும் தெரியவில்லை. அது வேறு எரிச்சல்.

காமாலை உன்னைக் கொண்டுபோன பிறகு நம் கல்லூரி ஆய்விதழை நான் ஒருவனே பார்த்துக்கொண்டிருக்கிறேன். வரப்போகும் இதழ் உன் நினைவு மலர். முகப்பில் உன் படம். கழுத்தில் டை கட்டிக்கொண்டு பல்வலிக்காரன் மாதிரி நிற்பாயே, அதேதான். வேறு படம் கோமதியிடம் இல்லையாம். என் தங்கச்சியைக் கட்டிக்கொண்டு இத்தனை வருஷம் வாழ்ந்தவன், உருப்படியாக ஒரு படம் எடுத்து வைத்திருக்கக் கூடாதா?

அந்த மலருக்குத்தான் ஒரு கட்டுரை வந்திருக்கிறது. உன் கட்டுரை தப்பு என்று சொல்லும் கட்டுரை. எழுதியவன் உன் மாணவன் சாகுல். உனக்குப் பிறகு இங்கே விலங்கியல் நடத்துகிறவன் அவன்தான். போடுவதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியவன் நான்.

உனக்குத் தெரிந்த கதைதான், படிக்கிற மற்றவர்களுக்காகத் திரும்பச் சொல்கிறேன். வாலிநோக்கம் கடற்கரையில், கடலில் வளைத்துப் போட்ட கரைவலையைக் கயிறு பிடித்து இழுக்கும் இடத்துக்கு ஒரு வருஷம் விடாமல் போய்வந்தாய். வலையில் விழும் மீனில் ஒரு கூடை வாங்கிவந்து, ஒவ்வொன்றாக அளந்து, நிறுத்து எழுதினாய். பாதிக்கு மேல் பாறை மீன் குஞ்சும் சீலா மீன் குஞ்சும் என்றாய். இப்படியே இழுத்தால் இந்தக் கடலில் மீன் தங்காது என்று முடித்தாய். சென்னையில் விஷயம் தெரிந்த இரண்டு பேருக்கு அனுப்பிக் கேட்டேன். கணக்கில் பிசகில்லை என்றார்கள். அச்சிட்டோம். நீ இதழைக் கையில் பிடித்துக்கொண்டு ராமநாதபுரம் கடைவீதி முழுக்க நடந்தாய்.

மீன்துறைக்காரர்கள் அதைப் படித்துவிட்டார்கள். வருஷத்தில் ஆறு மாதம் அந்தக் கரையில் கரைவலையே போடக்கூடாது என்று உத்தரவு தயாராகிறது. பொங்கல் கழிந்ததும் விசாரணை. அதில் வைக்கப்போகும் ஒரே சாட்சி உன் கட்டுரை.

சாகுல் உன்னை மறுக்கிற எண்ணத்தோடு அங்கே போகவில்லை என்பதை முதலில் தெரிந்துகொள். உன் கட்டுரைக்குப் பலம் சேர்க்கலாமே என்றுதான் அதே வாலிநோக்கத்துக்குப் போனான். கூடை கேட்கவில்லை. வலையின் பை மாதிரியான மடியில் விழுந்த மீன் அத்தனையையும் கரையிலேயே உட்கார்ந்து எண்ணியிருக்கிறான். குஞ்சு குறைவாகத்தான் வந்தது. பலமுறை போனான், ஒவ்வொரு முறையும் அப்படியே. செத்த முகத்தோடு என்னிடம் வந்து நின்றான்.

“நான்தான் எங்கயோ தப்புப் பண்றேன் சார். சோமு சார் கணக்கு எப்படித் தப்பாகும்? ஒரு எட்டு நீங்க வந்து பாருங்களேன்” என்றான்.

போனேன். வலை கரைக்கு வந்ததும் என்ன நடக்கிறது என்று என் கண்ணால் பார்த்தேன். மடி மணலைத் தொட்ட உடனே வலைக்காரர் பக்கீரின் ஆட்கள் பெரிய மீனையெல்லாம் பொறுக்கி ஏலத்துக்குத் தனியாகக் குவித்துவிட்டார்கள். ஏலம் முடிகிற வரைக்கும் அந்தக் குவியலில் வெளியாள் கை படக்கூடாது. அது அவர்கள் வழக்கம். மிஞ்சின பொடிமீன், கயிறு இழுத்தவர்களுக்குப் பங்கு. சாகுலை மட்டும், மீனைத் தொடாமல் பிரிக்கிறபோதே பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிக்கொள்ள விட்டிருக்கிறார்கள். சோமுவுக்கு எதிலிருந்து கொடுத்தீர்கள் என்று பக்கீரிடம் கேட்டேன்.

“வாத்தியாருக்கா? ஒரு கூடை கலந்து குடுங்கன்னு கேப்பாக. ஏலக் குவியல்ல எப்படிக் கைவைக்க? வாத்தியார்கிட்ட துட்டு வாங்கவும் மனசு வரல. அதான் கயிறு இழுத்தவுக பங்குல இருந்து அள்ளிக் குடுப்போம். அவுகளும் சந்தோசமாத்தான் விட்டுக் குடுத்தாக. ஏன், மீனு கெட்டுப் போச்சுன்னு ஏதும் சொன்னாகளா?”

உனக்குச் செய்த மரியாதையே உன் கணக்கைக் கெடுத்துவிட்டது என்று அந்த மனுஷனிடம் சொல்ல வாய் வரவில்லை.

நீ ஏமாற்றவில்லை. கூடையில் இருந்த மீனை ஒழுங்காகத்தான் அளந்தாய். ஆனால் வலை பிரிக்கிற வரைக்கும் ஒரு நாளாவது நீ அங்கே நின்றிருக்க மாட்டாயா? பஸ்ஸைப் பிடிக்கிற அவசரமா? இல்லை, பார்த்தும் தோன்றவில்லையா? இதை உன்னைத் தவிர யாரிடம் கேட்பது?

கிளம்பும்போது பக்கீர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. “வலையை நிறுத்திட்டா எளவட்டம் உப்பளத்துக்குப் போயிரும் சார். கயிறு இழுக்கிற பாதிப் பேரு வயசாளிக, பொம்பளைக. அவுகள உப்பளத்துல சேக்க மாட்டாக. அவுக எங்கன போவாக?”

மீன்துறை அதிகாரியைப் போய்ப் பார்த்தேன். நல்ல மனிதர்தான், காபிகூட வாங்கிக் கொடுத்தார். “அச்சில் வந்ததை அச்சிலேயே மறுத்துக் கொண்டுவாருங்கள். வாய்ப்பேச்சை நான் ஃபைலில் வைக்க முடியாது” என்று சொல்லிவிட்டார். விசாரணைக்கு முன்னால் வரப்போவது இந்த ஒரு இதழ்தான். உன் நினைவு மலர்.

பிரின்சிபாலிடம் சொன்னேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. “செத்தவர் படத்தை முன்னால போட்டுட்டு, உள்ள அவரு எழுதினது தப்புன்னு போடுவீங்களா? ஊர் சிரிக்காதா? அடுத்த இதழ்ல பாத்துக்கலாம்” என்றார். அடுத்த இதழ் வரும்போது அங்கே வலையைச் சுருட்டிக் கட்டியிருப்பார்கள் என்றேன். அப்படியானால் இந்த இதழோடு இதழாசிரியர் பொறுப்பை விட்டுவிடும்படி சொன்னார். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். அது பெரிதாக வலிக்கவில்லை.

வலித்தது கோமதி வீட்டில். அவளுக்குத் தெரியாமல் அச்சாகக் கூடாது என்று நானே புரூஃபை எடுத்துக்கொண்டு போனேன். உன் மேசையில்தான் உட்கார்ந்து படித்தாள். நிதானமாக, கடைசி வரி வரைக்கும் படித்தாள்.

“இது சரியாத்தான் இருக்கும்ணே. சாகுல் பொய் எழுதுற பிள்ளை இல்ல” என்றாள். எனக்கு உயிர் வந்தது. அதற்குப் பிறகுதான் கேட்டாள்.

“அவுக இருந்தா உங்களோட சண்டை போட்டிருப்பாக. இல்ல, ஆமா தப்புத்தான்னு அவுக வாயால ஒத்துக்கிட்டிருப்பாக. ரெண்டுக்கும் வழியில்லாம, வாய் கட்டிக் கிடக்கிறவுகள அடிக்கிறீகளே, இது எந்த ஊரு ஞாயம்?”

வலை இழுக்கிறவர்களைப் பற்றிச் சொன்னேன். “தெரியுதுண்ணே. போடுங்க. நான் வேணாம்னு சொல்லல. ஆனா இங்கன இனிமே வராதீக” என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாள். புரூஃப் மேசையிலேயே கிடந்தது. எடுத்துக்கொண்டு வெளியே வந்து பஸ் நிலையத்தில் உட்கார்ந்து அழுதேன், சோமு. நாலு பேர் பார்த்தார்கள், பார்த்தால் பார்க்கட்டும்.

ஒருவரை மறுத்து ஒரு கட்டுரை வந்தால் அதை முதலில் அவருக்கே அனுப்ப வேண்டும், அவர் பதிலை எதிர்ப்பக்கத்தில் சேர்த்தே போட வேண்டும் என்பது நம் இதழின் விதி. பிடிவாதமாக நின்று அதைக் கொண்டுவந்தவன் நீதான். உனக்கு நான் எந்த விலாசத்துக்கு அனுப்ப?

இதழின் ஆலோசனைக் குழுவில் ஒருவர் சமாதானமாக ஒரு வழி சொன்னார். “பேராசிரியர் சோமு இன்று இருந்திருந்தால் இத்திருத்தத்தை மனமுவந்து ஏற்றிருப்பார்” என்று அடியில் ஒரு வரி சேர்த்துவிடலாமாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. கோமதிக்கும் ஆறுதலாக இருக்கும், பிரின்சிபாலும் இறங்கி வருவார். பேனாவை எடுத்தும்விட்டேன். ஆனால் நீ ஏற்றிருப்பாய் என்று எனக்கு எப்படித் தெரியும்? உன் வறட்டுக் கௌரவம் எனக்குத் தெரியாததா? சாகுலோடு ஆறு மாதம் பேசாமல் இருந்திருப்பாய். அல்லது அன்றைக்கே பஸ் ஏறி வாலிநோக்கம் போய் பக்கீரின் கையைப் பிடித்திருப்பாய். எதைச் செய்திருப்பாய் என்று உன்னோடு இத்தனை வருஷம் பழகிய என்னால் சொல்ல முடியவில்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரி அச்சில் போடுவதா? பேனாவை மூடிவிட்டேன்.

புதன்கிழமை மதுரையில் இதழ் அச்சேறுகிறது. சாகுலின் கட்டுரை முடிகிற இடத்துக்கு எதிர்ப்பக்கத்தில், மேலே ‘கட்டுரையாளர் பதில்’ என்று இருக்கும். அடியில் உன் பெயர் இருக்கும். நடுவில் ஒன்றும் இருக்காது. இந்தக் கடிதம் அதற்கடுத்த பக்கத்தில் வரும். அச்சகத்துக்காரர் ஒரு பக்கம் வீணாகிறதே, ஜவுளிக்கடை விளம்பரம் ஏதாவது போடட்டுமா என்று கேட்டார். தொடாதீர்கள் என்றேன்.

உனக்கு என்னால் செய்ய முடிந்த சத்தியம் ஒன்றுதான் மாப்பிள்ளை. அந்தப் பக்கத்தில் உன் சார்பாக நான் ஒரு வார்த்தை எழுத மாட்டேன், வேறு எவனையும் எழுத விடமாட்டேன். அது உன் இடம்.

தங்கச்சி வீட்டு வாசலை மிதிக்க வழியில்லாத
உன் மச்சான்
வேலுச்சாமி